அத்தை பார்த்த ஊமைப்படம்: ஒரு தியேட்டரைத் தேடி 14 மாதம்

என் அத்தைக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில், காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். அவர் கையாலேயே சொல்லும் சினிமாக் கதை ஒன்று உண்டு. வலது கையில் கத்தி பிடித்திருப்பதுபோல் ஓங்குவார். ஓங்கிய கையை அப்படியே நிறுத்திவிட்டு, இடது கை விரல்களால் முழங்கை வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிவதைக் காட்டுவார். கடைசியில் கையை விரித்து, கத்தி காணோம் என்று சிரிப்பார். 1987-ல் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் கமல்ஹாசனும் அமலாவும் நடித்து வந்த ‘பேசும் படம்’தான் அது. படம் முழுக்க ஒரு வசனம் கிடையாது. கொலை செய்ய வருகிறவன் ஐஸ் கட்டியில் செய்த கத்தியோடு வருவான், குத்துவதற்குள் அது கரைந்துபோகும். அத்தை ஏறக்குறைய நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பது அந்தக் காட்சியைத்தான்.

அப்பாதான் அத்தையைக் கூட்டிப்போனார். “அன்னைக்குக் கொட்டாயில இருந்த அத்தனை பேரும் உங்க அத்தை மாதிரிதான்டா, யாருக்கும் வசனம் கேக்கல” என்று ஒருமுறை சொன்னார். எந்தக் கொட்டாய், எந்த வருஷம் என்று நான் கேட்கவில்லை. 2021-ல் அப்பா போய்விட்டார். அதற்கப்புறம்தான் அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. அந்தத் தியேட்டர் எது என்று கண்டுபிடித்து, அந்தப் படம் அங்கே ஓடியதற்கு ஒரு துண்டுக் காகிதமாவது அத்தை கையில் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஒரு மாதத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். 14 மாதம் ஆனது. முப்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கைக்காசு போனது, ஓசூர் கம்பெனியில் 11 நாள் சம்பளமும் போனது. தங்கள் ஊர்த் தியேட்டரில் ஒரு பழைய படம் ஓடியதைத் தேடப் போகிறவர்கள் யாராவது இருந்தால், நான் விழுந்த குழிகளைத் தெரிந்துகொண்டு போகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் குழி படத்தின் பெயரிலேயே இருந்தது. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஆரம்பித்து, பார்க்கிற பெரியவர்களிடமெல்லாம் “இங்க பேசும் படம் எந்தத் தியேட்டர்ல ஓடுச்சு?” என்று கேட்டேன். “எல்லாமே பேசும் படம்தான தம்பி” என்றார் ஒருவர். அவர் சொன்னதில் தப்பில்லை. 1931-ல் ‘காளிதாஸ்’ வந்த பிறகு பல வருஷம் விளம்பரங்களில் ‘தமிழ் பேசும் படம்’ என்றுதான் போட்டார்கள். அதே பெயரில் ஒரு சினிமா மாத இதழும் பிரபலமாக இருந்தது. சென்னையில் ஒரு நூலகத்தில் ‘பேசும் படம்’ என்று சீட்டு எழுதிக் கொடுத்தபோது, இதழின் கட்டுகளைத்தான் எடுத்துவந்து மேசையில் வைத்தார்கள். நான் தெளிவாக எழுதவில்லை, அவர்களைச் சொல்லி என்ன? ஆனால் அரை நாள் போய்விட்டது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனால் கதையே வேறு. அங்கே தெலுங்கும் கன்னடமும் பேசுகிற குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கு இந்தப் படம் ‘புஷ்பக விமானம்’. வசனமே இல்லாததால் ஒரே படம் மாநிலத்துக்கு ஒரு பெயரில் வெளிவந்தது, இந்தியில் ‘புஷ்பக்’. பெங்களூரில் பார்த்ததையும் ஓசூரில் பார்த்ததையும் கலந்து சொல்கிறவர்களும் உண்டு. நான்கு மாதம் கழித்துத்தான் கேள்வியை மாற்றினேன். “கமல் பேசாமயே நடிச்சாரே, ஐஸ் கத்தி வருமே” என்றால் முகம் மலர்ந்துவிடும், கதையாகக் கொட்டுவார்கள். ஜனங்கள் காட்சியை வைத்துத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். படத்தின் பெயரை முதலில் சொல்லவே கூடாது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. தியேட்டர் பெயரையும் நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது. “இந்தத் தியேட்டர்லயா?” என்று கேட்டால் நம் மனசுக்காகவே “ஆமா” என்பார்கள். எனக்கு அப்படி மூன்று தியேட்டருக்கு மூன்று ஆமா கிடைத்தது. கிருஷ்ணகிரியில் இரண்டு, தருமபுரியில் ஒன்று.

அடுத்தது தேதி. தியேட்டரில் டிக்கெட் கிழித்த ஒருவர், “எம்.ஜி.ஆர். செத்தப்ப அந்தப் படம்தான் ஓடிட்டிருந்துச்சு, ஷோவ நிறுத்தினோம்” என்று அடித்துச் சொன்னார். எம்.ஜி.ஆர். இறந்தது 24 டிசம்பர் 1987. படமும் அந்த வருஷக் கடைசியில் வந்ததுதான். பொருந்திப்போகிறதே என்று நம்பிவிட்டேன். இரண்டு தடவை சென்னைக்குப் போய், எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்து, டிசம்பர் முதல் பிப்ரவரி வரைக்குமான நாளிதழ்களை ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். பஸ், லாட்ஜ், சாப்பாடு எல்லாம் சேர்த்து 9,200 ரூபாய். இரண்டாவது பயணத்தின் மூன்றாம் நாள்தான் உறைத்தது, நான் புரட்டிக்கொண்டிருப்பது சென்னைப் பதிப்பு. கிருஷ்ணகிரித் தியேட்டர்க்காரர் எதற்குச் சென்னைப் பதிப்பில் விளம்பரம் கொடுக்கப்போகிறார்? நம் பக்கத்துச் செய்தியும் விளம்பரமும் சேலம் பதிப்பில்தான் வரும். அன்று சாயங்காலம் எழும்பூர் ஸ்டேஷன் எதிரே டீ குடிக்கும்போது அழுகை வந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் கேட்டால் ‘ஒரு சினிமாவுக்கா இவ்வளவு?’ என்பார்கள் என்ற பயம்.

சேலம் பதிப்பு என்று தெரிந்த பிறகும் இன்னொன்று தெரியாமல் இருந்தேன். அதைச் சொன்னவர் சேலத்தில் ஒரு விநியோக அலுவலகத்தில் ரெப் வேலை பார்த்த பெரியவர். ரெப் என்றால் படப்பெட்டியோடு ஊருக்கு வந்து, தினமும் எத்தனை டிக்கெட் போனது, எவ்வளவு வசூல் என்று பார்த்துக் கையெழுத்து வாங்கிப் போகிறவர். சினிமாக்காரர்கள் கணக்கில் சேலம் ஏரியா என்றால் இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி நான்கும் அடக்கம். “அப்பல்லாம் ஏரியாவுக்குக் கொஞ்சம் பிரிண்ட்தான் சார் வரும். அது சேலத்துல ஓடி, தருமபுரியில ஓடி, அப்புறம்தான் உங்க ஊருக்கு வரும். பிரிண்ட் தேஞ்சு கோடு கோடா மழை பெய்யும் படத்துல” என்றார். பெரிய ஊரில் ரிலீஸ் ஆன தேதிக்கும் நம் ஊரில் பெட்டி இறங்கிய தேதிக்கும் மாதக் கணக்கில் இடைவெளி இருக்கலாம். நான் ரிலீஸ் தேதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மூன்று மாதத் தாள்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தேன். டிக்கெட் கிழித்தவர் பொய் சொல்லவில்லை. எம்.ஜி.ஆர். இறந்த அன்று ஷோ நின்றது நிஜமாக இருக்கும், ஓடிய படம் வேறாக இருந்திருக்கும். பெரிய சாவு, தேர்தல், வெள்ளம் இவற்றோடு எந்த நினைவும் தானாகப் போய் ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டியிருக்கிற நினைவை இன்னொருவரிடம் சரிபார்க்காமல் பஸ் ஏறாதீர்கள்.

அரசாங்கக் காகிதம் பற்றியும் சொல்ல வேண்டும். தியேட்டர்கள் கேளிக்கை வரி கட்டியதால் எந்தப் படம் எத்தனை நாள் ஓடியது என்று ஏதாவது ஒரு பதிவேட்டில் இருக்கும் என்று நம்பினேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். மனுவுக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பதிலுக்கு 30 நாள். பணம் பெரிசில்லை, காலம்தான் போகும். நான் செய்த தப்பு, மனுவை கிருஷ்ணகிரி முகவரிக்கு அனுப்பியது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். படம் வந்த காலத்தில் நாங்கள் தருமபுரி மாவட்டம். அந்தக் காலத்துக் காகிதம் எங்காவது இருந்தால் தருமபுரியில் இருக்க வேண்டும். இன்னும் பழைய படத்தைத் தேடுகிறவர்கள், தருமபுரியே 1965-ல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும், சேலத்துக்கும் போக வேண்டியிருக்கும். தவறான அலுவலகத்துக்கு மனு போனால் ஐந்து நாளில் சரியான இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும் என்று சட்டத்தின் 6(3) பிரிவு சொல்கிறது. மனுவின் கடைசியில் அதைக் குறிப்பிட்டு ஒரு வரி எழுதிவிடுவது நல்லது. நான் எழுதவில்லை, இரண்டு மாதம் சும்மா போனது. கடைசியில் கிடைத்த பதில், அந்தக் காலத்துப் பதிவேடுகள் பராமரிப்புக் காலம் முடிந்து அழிக்கப்பட்டுவிட்டன என்பது.

வணிக வரித் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், நான் நொந்துபோய் உட்கார்ந்திருந்தபோது, “இருந்திருந்தாலும் உங்களுக்குப் பிரயோஜனம் இருந்திருக்குமான்னு தெரியாதுங்க” என்றார். சின்ன ஊர்க் கொட்டகைகளில் காம்பவுண்டிங் என்று ஒரு முறை இருந்ததாம். எந்தப் படம் ஓடினாலும், கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும், கொட்டகையில் எவ்வளவு வசூல் ஆகமுடியும் என்பதை வைத்து வாரத்துக்கு இவ்வளவு என்று கட்டிவிடுவார்கள். அந்த வரிக் கணக்கில் படத்தின் பெயருக்கு வேலையே இல்லை. அரசாங்கத்திடம் கிடைக்கக்கூடியது தியேட்டருக்கு எப்போது லைசென்ஸ் கொடுத்தார்கள், எத்தனை சீட், எப்போது மூடினார்கள் என்கிற மாதிரி விவரம். அதுவும் உபயோகம்தான். படம் வந்த காலத்தில் இல்லாத தியேட்டரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். படத்தின் பெயர் வேண்டுமானால் தியேட்டர்க்காரர் வீட்டுப் பரணையும் ஆபரேட்டர் வீட்டு டிரங்குப் பெட்டியையும்தான் நம்ப வேண்டும்.

இப்போது நான் ஏமாந்த இரண்டு இடங்கள். எழுதவே கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். பழைய போஸ்டர் விற்கிறவர் ஒருவர், கிருஷ்ணகிரித் தியேட்டர் ஸ்லிப் (தியேட்டர் பெயர் போட்ட தனிச் சீட்டு) ஒட்டிய அசல் போஸ்டர் இருக்கிறது என்று போனில் படம் அனுப்பினார். 4,500 ரூபாய் அனுப்பினேன். குழாயில் சுருட்டிப் பளபளவென்று வந்தது. அந்தக் காலத்துப் போஸ்டர் மடித்துத்தான் வரும், மடிப்புத் தடத்தில் மை உதிர்ந்திருக்கும். தாள் மெலிசு, வெளிச்சத்தில் பிடித்தால் பின்பக்கம் தெரியும். ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும், பெரும்பாலும் சிவகாசி. எனக்கு வந்ததில் அச்சகப் பெயர் இல்லை. தியேட்டர் ஸ்லிப் தனியாக ஒட்டிய தாள்கூட இல்லை, போஸ்டரோடு சேர்த்தே அச்சாகியிருந்தது. நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஊர் ஊராக மாறுகிற தியேட்டர் பெயரை எந்த அச்சகமும் போஸ்டரோடு சேர்த்து அச்சடிக்காது. சுரண்டினால் பிரிகிறதா என்று வீடியோவில் காட்டச் சொல்லியிருந்தால் 4,500 மிஞ்சியிருக்கும்.

இன்னொன்று 12,000. ஒரு தரகர், இந்தப் படத்தின் பெட்டி சேலத்தில் ஒரு குடோனில் கிடக்கிறது, பெட்டி மேல் போன ஊர்களின் சீட்டெல்லாம் அப்படியே ஒட்டியிருக்கிறது என்றார். சேலத்துக்கு நான் போன ஏழு பயணத்தில் நான்கு இவருக்காகத்தான். பஸ் கட்டணமும் சாப்பாடும் மட்டும் ஏழுக்கும் 2,800. முன்பணம் கொடுத்தேன். ஒரு ராத்திரி தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். மூடியை எடுத்ததும் காடி நாற்றம் மூக்கில் ஏறியது, கண் எரிந்தது. பழைய பிலிம் கெட்டுப்போக ஆரம்பித்தால் அப்படித்தான் நாறும் என்பது பிறகு தெரிந்தது. சுருள் ஒன்றோடொன்று ஒட்டி, நுனியைப் பிடித்து இழுத்தால் நெளிந்து நெளிந்து வந்தது. செல்போன் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ஏதோ ஒரு கல்யாணக் காட்சி, யார் யாரோ நிற்கிறார்கள், கமல் இல்லை. பெட்டி மேல் ஊர்ச் சீட்டு இருந்தது உண்மை. அந்தப் பெட்டியில் கடைசியாகப் போன படத்தின் சீட்டு அது. பெட்டியைத் திரும்பத் திரும்ப வேறு வேறு படத்துக்குப் பயன்படுத்துவார்கள், அது படத்துக்குச் சாட்சி ஆகாது. பணத்தைத் திருப்பிக் கேட்டேன், போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். முன்பணம் கேட்கிறவரிடம் முதலில் சுருளின் ஆரம்பத்தை, சென்சார் சான்றிதழ் வருகிற இடத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் படத்தின் பெயர் எழுத்திலேயே இருக்கும். ஜெராக்ஸ், ஸ்டாம்ப், போன் எல்லாம் 1,100. கூட்டினால் 29,600.

அந்த ராத்திரி சேலத்திலிருந்து கடைசி பஸ்ஸில் வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்று. அத்தை விழித்திருந்தார். தட்டில் சோறு மூடி வைத்திருந்தார். என் முகத்தைப் பார்த்து, ‘என்ன?’ என்று கையைத் திருப்பினார். எனக்கு என்ன தோன்றியதோ, ஐஸ் கத்தியைச் செய்து காட்டினேன். ‘எங்கே பார்த்தீர்கள்?’ என்று நாலு திசையிலும் விரலைக் காட்டினேன். அத்தை என் கையைப் பிடித்து இழுத்து வாசல்வரை வந்து, கிருஷ்ணகிரி ரோட்டைக் காட்டினார். அப்போது உடம்பு முழுக்கக் கூசியது. பதின்மூன்று மாதமாகக் கண்டவர்களையெல்லாம் கேட்டிருக்கிறேன். படத்தைப் பார்த்த ஆளை மட்டும், பேச வராது என்பதால், ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இதற்காக அத்தையிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை, சோற்றுத் தட்டைத்தான் முன்னால் தள்ளினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு கிருஷ்ணகிரி போனேன். ரவுண்டானாவில் இறங்கி நடந்தோம். அங்கே எனக்கு ‘ஆமா’ கிடைத்த இரண்டில் முதல் இடத்தைப் பார்த்துத் தலையாட்டினார், இது இல்லை. இரண்டாவது இடம் இப்போது கல்யாண மண்டபம். நான் காட்டுவதற்கு முன்பே அவர் நின்றுவிட்டார். முன்வாசலை அவர் பார்க்கவே இல்லை, நேராகப் பக்கத்துச் சந்துக்குள் நடந்தார். சுவரில் ஓரிடத்தில், புதுசாகப் பூசி அடைத்த தடம் இடுப்பு உயரத்தில் தெரிந்தது. அத்தை குனிந்து, அந்த இடத்தில் கையை முஷ்டியாக்கி உள்ளே விடுவதுபோல் விட்டார். இழுக்கும்போது வளையல் மாட்டிக்கொண்டதைக் காட்டி, மணிக்கட்டைத் தடவினார். பெண்கள் டிக்கெட் கவுன்டர்! கை மட்டும் நுழைகிற ஓட்டை. அண்ணாந்து பார்த்தேன், பின்சுவரின் உயரத்தில் ஆபரேட்டர் அறையின் சதுர ஓட்டைகளைச் செங்கல் வைத்து அடைத்திருந்ததும் தெரிந்தது. இத்தனை மாதத்தில் இந்த மண்டபத்தின் முன்னால் எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன், சந்துக்குள் போனதில்லை. பார்த்தவர்களை நேரில் அந்த இடத்துக்குக் கூட்டிப்போங்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வராத ஞாபகம் அந்தச் சுவரைத் தொட்டால் வரும்.

சந்து முனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஐயா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவருடைய அண்ணன் அந்தத் தியேட்டருக்குப் போஸ்டர் ஒட்டி, வண்டியில் மைக் கட்டி நோட்டீஸ் விட்டவராம், இறந்துவிட்டார். “வீட்ல கட்டிலுக்கு அடியில ஒரு கட்டு கெடக்கு, கரையான் தின்னது போக இருக்கும், வந்து பாரு தம்பி” என்றார். ஒரு பைசா கேட்கவில்லை. சணல் கயிறு போட்டுக் கட்டிய கட்டு. மூன்று சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம். ரோஸ் நிறத்தில், உள்ளங்கை அகலம், ஓரம் அரித்த ஒரு நோட்டீஸில் ‘பேசும் படம்’ என்றும், ‘24-6 வெள்ளி முதல்’ என்றும், தினசரி காட்சிகள் என்றும் இருந்தது. தியேட்டர் பெயர் முக்கால்வாசி மிச்சம் இருந்தது. அசலைக் கேட்க மனசு வரவில்லை, போனில் படம் எடுத்துக்கொண்டு, கட்டை அதேபோல் கட்டிக் கொடுத்தேன். கரையானுக்கு வேப்பிலை வைத்துவிட்டு வந்தேன்.

நோட்டீஸில் வருஷம் கிடையாது. எந்தத் தியேட்டர் நோட்டீஸும் போஸ்டரும் அப்படித்தான், அன்றைக்குப் படிக்கிறவனுக்கு வருஷம் எதற்கு? இதற்கு ஒரு வழி இருக்கிறது. தேதியும் கிழமையும் இருந்தால் பழைய காலண்டரில் பொருத்திப் பாருங்கள். ஜூன் 24 வெள்ளிக்கிழமையாக வந்தது 1988-ல், அதற்கப்புறம் 1994-ல். நடுவில் எந்த வருஷமும் இல்லை. இரண்டில் ஒன்று. பழைய படத்தைத் திரும்பப் போடுவதும் வழக்கம் என்பதால் 1994-ஐ ஒரேயடியாகத் தள்ளிவிட முடியவில்லை.

நோட்டீஸை ரோஸ் தாளிலேயே பிரிண்ட் போட்டு அத்தையிடம் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஐஸ் கத்தியைக் காட்டினேன், மண்டபத்துச் சந்தைக் காட்டினேன், தாளைக் காட்டினேன். புரிந்துகொண்டார். தாளை மடியில் வைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். முதல் விரலுக்கு மீசையை முறுக்கினார், அது அப்பா. இரண்டாவது விரலுக்குத் தன் நெஞ்சைத் தொட்டார். மூன்றாவது விரலை நீட்டிவிட்டு, மூக்கின் இரண்டு பக்கமும் தொட்டார். இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருந்தது எங்கள் வீட்டில் பாட்டி மட்டும்தான். பாட்டி 1991-ல் இறந்துவிட்டார். ஆக, 1988.

‘காது கேக்காததுக்குச் சினிமா எதுக்கு’ என்று அத்தையைக் கடைசிவரை எங்கும் அனுப்பாதவர் பாட்டி என்றுதான் வீட்டில் சொல்வார்கள். நம்பமுடியாமல் திரும்பக் கேட்டேன். அத்தை மறுபடியும் மூக்கின் இரண்டு பக்கமும் தொட்டார். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தொடையில் பளார் பளார் என்று அடித்து, வாயைப் பொத்திக்கொண்டு உடம்பு குலுங்கச் சிரித்தார். ஐஸ் கத்தி கரைந்தபோது பாட்டி சிரித்த சிரிப்பு அது.